புதன்கிழமைப் பேச்சு வகுப்பை நிறுத்தாதீர்கள்: எங்கள் நிறுவனத்தின் பயிற்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சித் துறைத் தலைவர் அவர்களுக்கும், ஜப்பான் திட்டத்தைக் கவனிக்கும் மனிதவளக் குழுவினருக்கும்,

சென்ற வாரம் வகுப்பறைக் கதவில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்தேன். அடுத்த பேட்சிலிருந்து புதன், சனி மாலைகளில் நடக்கும் ஜப்பானியப் பேச்சு வகுப்பு கிடையாது, அந்த நேரத்தில் மாடல் டெஸ்ட். ஐந்து மாதத்தில் எல்லோரும் என்4, அதாவது ஐந்து நிலைகள் உள்ள ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கீழிருந்து இரண்டாவது நிலை, தேற வேண்டும். இலக்கணத்தை ஆங்கிலத்தில் மட்டுமே விளக்க வேண்டும், தமிழ் கூடாது. தேர்ச்சி விகிதத்தைப் பொறுத்து ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை. மொத்தம் நான்கு வரி.

இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு பதில் வந்தது. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைக் கெடுப்பது என் நோக்கமில்லை; ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேறு சில கதவுகளிலும் இதே மாதிரி காகிதம் ஒட்டியிருப்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

என்னை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக: செய்யாறு பக்கம் ஊர், மெக்கானிக்கல் டிப்ளமோ, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. மூன்று வருடம் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு 2017ல் திரும்பினேன். 2018லிருந்து ஷிஃப்ட் முடிந்த பிறகு பையன்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் நிறுத்தச் சொல்லும் பேச்சு வகுப்பு அப்போது நான் கேட்டு வாங்கியது. ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன்.

2013 டிசம்பரில் நான் என்4 எழுதினேன். 180க்கு 141. பிரிவில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். 2014 ஏப்ரலில் அய்ச்சி மாகாணத்துக்குப் போனேன். டொயோட்டா நகரமும், அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நெருக்கமாக இருக்கிற பகுதி. மூன்றாவது வாரம், பாகங்களைக் கழுவி வெளியே தள்ளும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் ஹன்ச்சோவுக்கு, அதாவது லைன் லீடருக்கு, போன் வந்தது. அவர் இயந்திரத்தைக் கையால் காட்டி "ச்சொத்தோ மிதொய்தெ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எனக்கு "மித" என்கிற வரைக்கும் காதில் விழுந்தது. "மிதெ" என்றால் 'பார்'. "ஹய்" என்றேன். பார்த்தேன். இயந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி, என் அளவு பார்க்கும் கேஜை எடுத்துக்கொண்டு என் வேலைக்குப் போய்விட்டேன். பெட்டி நிரம்பியது. நிரம்பிய பிறகும் இயந்திரம் தள்ளிக்கொண்டே இருந்தது. அறுபது, எழுபது பீஸ் தரையில் கிடந்தன. அங்கே தரையில் விழுந்த பீஸுக்கு விசாரணையே கிடையாது. கீறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும்.

ஹன்ச்சோ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். மறுநாளிலிருந்து என்னிடம் வாயால் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்; அவசரம் என்றால் பக்கத்து மெஷினில் இருந்த வியட்நாம்காரரிடம் சொன்னார், அவர் வந்து என்னிடம் கையைக் காலை ஆட்டிச் சொன்னார். ஐந்து வாரம் இப்படியே போனது. 141 மதிப்பெண் எடுத்தவன் நான். அந்த வியட்நாம்காரர் என்4 எழுதவே இல்லை.

பீஸ் கொட்டிய அன்றிரவே விடுதியில் அந்த வியட்நாம்காரர்தான் புரியவைத்தார். "மிதொய்தெ" என்பது "மிதெ ஒய்தெ" என்பதன் பேச்சுச் சுருக்கம். "மிரு" என்றால் பார். "ஒகு" என்றால் வை. இரண்டையும் சேர்த்தால் 'பார்த்து வை'. நான் வரும்வரை கண் வைத்திரு என்று அர்த்தம். இந்த இலக்கணத்தை மாடல் டெஸ்ட்டில் பத்துத் தடவையாவது சரியாகப் போட்டிருப்பேன். நான்கு விடைகளில் எது என்று கேட்டால் இப்போதும் தூக்கத்தில் சொல்வேன். "பால் அடுப்புல இருக்கு, பாத்துக்கோ" என்று அம்மா சொல்லிவிட்டு வாசலுக்குப் போனதும், பாலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு டிவி முன்னால் போய் உட்காரும் பையனை என்ன சொல்வோம்? நான் செய்தது அதுதான். இங்கே பொங்கி வழிந்தது இரும்பு.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, "அது உன் தனிப்பட்ட குறை, காதைத் தீட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்" என்று சொல்லலாம். எங்கே தீட்டுவது? என்4 நிலைக் கேட்டல் தேர்வில் பேசுபவர்கள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொல்வார்கள். லைனில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? புத்தகத்தில் "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று தமிழ் படித்துவிட்டு வரும் ஒரு வெளிநாட்டுக்காரர் முன்னால் "பாத்துட்ருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நான்கு வருடம் தமிழ் படித்தவராகக்கூட இருக்கலாம். முழிப்பார். அவருக்கு வேண்டியது இன்னொரு புத்தகம் இல்லை; நம்மோடு உட்கார்ந்து டீ குடிப்பது.

அய்ச்சியில் இதற்கு மேல் வட்டார வழக்கு வேறு. வேலை முடிந்து ஒருவர் "எராய்" என்று பெருமூச்சு விட்டார். பாடப்புத்தகப்படி "எராய்" என்றால் 'பெரிய ஆள், பாராட்டத்தக்கவர்'. தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறார் போல என்று நானும் தலையாட்டி வைத்தேன். அந்தப் பக்கத்தில் அதற்கு 'அலுப்பாக இருக்கிறது' என்று அர்த்தம். கேன்டீன் பாட்டி தட்டை நீட்டி "தபெரின்" என்றார். "ரிங்கோ" என்றால் ஆப்பிள் என்று படித்திருந்தேன். ஏதோ ஆப்பிள் பலகாரம் போல என்று நினைத்துக்கொண்டேன். 'சாப்பிடுப்பா' என்பதைத்தான் அந்த மிக்காவா வட்டாரத்தில் அப்படிச் சொல்கிறார்கள். எந்தத் தேர்விலும் வராத சொல். ஆனால் அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அந்தப் பாட்டிதான்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். நீங்கள் என்4 என்று சொல்லும்போது அதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தீர்களா என்று தெரியவில்லை. சொற்கள், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்ந்து 120. கேட்டல் 60. மொத்தம் 90 எடுத்தால் தேர்ச்சி. பிரிவுக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்று உண்டு: முதல் பிரிவில் 38, கேட்டலில் 19. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்டலில் 60க்கு 19 வாங்கிய பையன் மறுபக்கம் 71 வாங்கினால் தேறிவிடுவான். அவனுக்கும் நீங்கள் லட்டு வாங்கிக் கொடுப்பீர்கள். பேசுவதற்கு மதிப்பெண்ணே இல்லை. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவதற்கும் இல்லை. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்துக் வட்டத்தைக் கறுப்பாக்குவதுதான். என்5லிருந்து மிக மேலே இருக்கும் என்1 வரை, ஒரு வார்த்தைகூட வாய் திறக்காமல் ஏறிப் போகலாம்.

தேர்வு நடத்துபவர்களை நான் குறை சொல்லவில்லை. 1984லிருந்து நடக்கிறது, உலகம் முழுவதும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் லட்சக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேச்சுத் தேர்வு வைக்க முடியாது. தாங்கள் எதை அளக்கிறோம் என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அளக்காததையும் அளந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது நாம்தான்.

உங்கள் அவசரமும் புரிகிறது. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு என்4 கேட்கிறார்கள், இல்லையென்றால் அதற்கு ஈடான கணினித் தேர்வு. 2025 ஆகஸ்ட்டில் இரண்டு அரசுகளும் அறிவித்த திட்டத்தில், ஐந்து வருடத்தில் இந்தியாவிலிருந்து 50,000 திறன்பெற்ற ஆட்கள் ஜப்பானுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எல்லா நிறுவனமும் ஓடுகிறது, நாமும் ஓட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் விசா இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசா விமானம் இறங்கும் வரைக்கும்தான் உதவும். அதற்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு லைனில் யாராவது ஏதாவது சொல்வார்களே, அதற்கு?

இப்போது உங்கள் சுற்றறிக்கையின் மூன்றாவது வரிக்கு வருகிறேன். என்னை ரொம்பவே உறுத்தியது அந்த வரிதான். தமிழ் கூடாது, ஆங்கிலத்தில் மட்டும்.

நான் முதலில் படித்தது ஆங்கிலம் வழியாகத்தான். "தெ ஒகு" என்கிற வடிவத்துக்கு என் நோட்டில் ஆங்கிலத்தில் முக்கால் பக்கம் குறிப்பு இருக்கிறது. முன்கூட்டியே செய்வது, அப்படியே விட்டுவைப்பது, பிற்பாடு உதவும் என்று செய்வது என்று மூன்று நான்கு பயன்கள், ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். அதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லலாம்: வை. சொல்லி வை, வாங்கி வை, பார்த்து வை. செய்யாறிலிருந்து வரும் ஐடிஐ பையனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவன் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது.

இது ஒன்று மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டுவிடுவேன். "தபெதெ மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். 'பார்' என்கிற அதே வினைச்சொல், அதே இடத்தில், அதே வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பார்ப்பதோடு சம்பந்தமே இல்லாத வேறு வாக்கியம் போட வேண்டும். "தபெதெ ஷிமத்தா" என்றால் சாப்பிட்டுவிட்டேன். அதைப் பேச்சில் "தபெச்சத்தா" என்று சுருக்குகிறார்கள். நாமும் "சாப்பிட்டுட்டேன்" என்கிறோம். இதை வகுப்பில் சொன்ன அன்று பின்பெஞ்சில் ஒருவன் "அட, அவங்களும் நம்மள மாதிரி முழுங்குறாங்க" என்றான். அந்த நிமிஷத்துக்குப் பிறகு அவனுக்கு "ச்சத்தா" மறக்கவே இல்லை.

"கொரெ, சொரெ, அரெ, தொரெ" என்று நான்கு சொற்கள். முதல் வாரத்திலேயே வரும். ஆங்கிலத்தில் விளக்கினால் மூன்று சுட்டுச்சொல்லை இரண்டுக்குள் திணிக்க வேண்டும். எனக்கு "சொரெ"யும் "அரெ"யும் ஒரு வருடம் குழம்பின. பழைய தமிழில் இது, உது, அது, எது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் 'உது'வை நாம் தொலைத்துவிட்டோம், யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இலங்கைத் தமிழர் இருக்கிற ஒரு பையன், கும்மிடிப்பூண்டிக்காரன், இதைச் சொன்னதும் துள்ளிவிட்டான். "ஜப்பானிய மொழி புரிகிறது" என்று சொல்லும்போது ஆங்கிலம் வழியாகப் படித்தவன், புரிவது மொழியை என்று நினைத்துச் செயப்படுபொருள் உருபைப் போட்டுத் தொலைப்பான். தமிழில் 'மொழியைப் புரியும்' என்று யாராவது சொல்வார்களா? ஜப்பானியர்களும் சொல்வதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை, எங்கள் ஆட்களுக்கும் சேர்த்து. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அது அண்ணனா தம்பியா என்பது என் பிரச்சினை இல்லை. பையனுக்குப் பத்து நிமிஷத்தில் புரிகிற விஷயத்தை, அவனுக்கே அரைகுறையாகத் தெரிந்த மூன்றாவது மொழி வழியாக இரண்டு வாரம் ஏன் இழுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஐடிஐ முடித்து வருபவர்களில் பாதிப் பேர் ஆங்கில விளக்கத்தைப் புரிந்துகொள்ளவே தனியாகப் போராடுகிறார்கள். அவர்களுக்கு மண்டை இல்லை என்று நீங்கள் அறிக்கையில் எழுதுகிறீர்கள்.

புதன்கிழமை என்ன நடக்கிறது என்று உங்களில் யாரும் வந்து பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். கேன்டீனின் பின்பக்க மேசை. பன்னிரண்டு பதிமூன்று பேர். இங்கே ஆலோசகராக இருக்கும் மூத்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் பெரும்பாலும் வந்துவிடுவார். ரிஜெக்ட் ஆன ஒரு பீஸைக் கையில் கொடுத்து, என்ன கோளாறு, எப்போது கண்டுபிடித்தாய், என்ன செய்தாய் என்று அவரிடம் சொல்லவைப்போம். சுவரில் "ஹோ-ரென்-சோ" போஸ்டர் தொங்குகிறது: அறிக்கை கொடு, தகவல் சொல், கலந்து பேசு. போஸ்டரை எல்லோரும் படிக்கிறார்கள். கெட்ட செய்தியை ஒரு மூத்தவரிடம் நேராகப் போய் வாயால் சொல்வது வேறு வேலை. முதல் தடவை சொல்லும்போது பையன்களுக்கு வியர்க்கும். நான்காவது தடவை வியர்க்காது.

அப்புறம் போன் பயிற்சி. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து பேச வேண்டும், கை ஜாடை தெரியக் கூடாது. "டைஜோபு" என்று சொன்னால் 'சரி' என்றும் இருக்கலாம், 'வேண்டாம்' என்றும் இருக்கலாம். குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். எதிராளி பேசும்போது நடுநடுவே "ஹய், ஹய்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளம். பாட்டி கதை சொன்னால் நாம் 'உம்' கொட்டுவோமே, அதேதான். இதை எந்த மாடல் டெஸ்ட்டில் வைப்பீர்கள்?

என் ஜப்பானிய மொழியைக் காப்பாற்றியதும் இப்படி ஒரு மேசைதான். துண்டுச்சீட்டு காலத்தில், எங்கள் நகரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஞாயிறு காலைகளில் ஓய்வுபெற்ற பெண்கள் சிலர் மொழி வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். புத்தகமே திறக்கவில்லை. உன் ஊரில் என்ன பண்டிகை என்று கேட்டார்கள். பொங்கல் என்றேன். அரிசி, பால், வெல்லம் வரை சொல்லிவிட்டேன். பானையில் பொங்கி வழிய வேண்டும், அதுதான் விசேஷம் என்று சொல்ல வேண்டும். சொல் இல்லை. எழுந்து நின்று, கையைப் பானை மாதிரி வைத்துக்கொண்டு, வாயால் 'புஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக் காட்டினேன். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே "ஆ, ஃபுகிகொபொரெரு!" என்றார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என்4 பட்டியலில் இல்லாத சொல். எத்தனையோ பட்டியல் சொற்கள் போய்விட்டன, இது போகவில்லை. வழிவதை அவர்கள் சமையலில் தவறாக நினைப்பார்கள், நாங்கள் அதற்காகக் காத்திருந்து குலவை போடுவோம் என்று சொன்னபோது அந்த மேசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஊரில் நான் சொன்னதைக் கேட்க ஆட்கள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

ஜப்பானியர்கள் படிப்பதை "பென்க்யோ" என்கிறார்கள். அந்த இரண்டு எழுத்துகளையே சீனத்தில் எழுதினால் வலுக்கட்டாயம், மனமில்லாமல் செய்வது என்று பொருள்படும். "நரௌ யொரி நரெரோ" என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்: கற்றுக்கொள்வதைவிடப் பழகிக்கொள். நம்மிடம் 'நாப்பழக்கம்' என்று ஔவை பெயரில் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் எந்தப் பள்ளி ஆண்டுவிழாவும் முடிவதில்லை. சொல்வதோடு சரி.

பழகினால் போதும், படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீனத்திலிருந்து வந்த, 'கஞ்சி' என்கிற எழுத்துகள் பேசிப் பேசி வராது. ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. அதில் முதல் முந்நூறையாவது உட்கார்ந்து, நோட்டில் எழுதி எழுதித்தான் மனதில் ஏற்ற வேண்டும். என் விடுதியில் ஒருவர் சரளமாகப் பேசுவார், நகைச்சுவைகூடச் சொல்வார், ஆனால் 'தொடாதே' என்கிற பலகையைப் படிக்கத் தெரியாமல் கைப்பிடியைத் தொட்டு லைனையே நிறுத்தினார். அதனால் மாடல் டெஸ்ட் வையுங்கள். கஞ்சிக்குத் தினமும் அரைமணி நேரம் எடுங்கள், நானே நின்று எழுதவைக்கிறேன். பேச்சு வகுப்பைக் கொன்று அதன் இடத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கோரிக்கைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

ஒருவன் வந்தவாசிக்காரன், ஃபிட்டர். என்4 இரண்டு தடவை எழுதி 84, 87 என்று வாங்கித் தவறவிட்டான். இயந்திரத்தில் டை, அதாவது அச்சு, மாற்றும் நாளில் ஜப்பானியப் பொறியாளர்கள் "அவன் எங்கே?" என்று தேடுவது அவனைத்தான். கேட்டது புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் மறுபடி கேட்பான்; தப்பும் தவறுமாகப் பேசினாலும், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் விடமாட்டான். லைன் மொழி உதவியாளர் பதவிக்கு விண்ணப்பித்தான். சான்றிதழ் இல்லை என்று தள்ளிவிட்டீர்கள். இன்னொருவன் 158 வாங்கினான். அவன் படத்தை நோட்டீஸ் போர்டில் போட்டீர்கள். புதன்கிழமை வகுப்புக்கு வராமல் மாடல் டெஸ்ட்டே எழுதிக்கொண்டிருந்தவன். அங்கே போய் ஏழாவது மாதம் திரும்பி வந்தான். குடும்பக் காரணம் என்று உங்கள் கோப்பில் இருக்கும். என்னிடம் சொன்னது வேறு: "அண்ணா, எல்லாரும் நல்லவங்கதான். ஆனா யாரும் என்கிட்ட பேசல." அவர்கள் பேசியிருப்பார்கள். முதல் வாரம் பேசியிருப்பார்கள். அதற்கப்புறம் துண்டுச்சீட்டு ஆகியிருக்கும். எனக்குத் தெரியாதா?

இங்கே லைனில் இருக்கும் நம் ஆட்களைப் பாருங்கள். காய்சென், கெம்பா, போகா-யோகே, கான்பான் என்று ஆலையில் புழங்கும் ஜப்பானியச் சொற்களை ஒப்பந்தத் தொழிலாளர் வரைக்கும் சரியான இடத்தில் சரியாகச் சொல்கிறார்கள். யார் அவர்களுக்குத் தேர்வு வைத்தது? கையில் வேலையோடு வந்த சொல் என்பதால் தங்கிவிட்டது.

என் கோரிக்கைகள் இவை.

புதன், சனி பேச்சு வகுப்பை அப்படியே விட வேண்டும். மாடல் டெஸ்ட்டுக்கு நேரம் வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கும் வகுப்பு நேரத்தில், தேர்வுக்கு முந்தைய ஆறு வாரத்தில், வாரத்துக்கு ஒன்று வையுங்கள். அதற்கு மேல் வைத்தாலும் பையன்கள் விடை எந்த இடத்தில் வரும் என்று ஊகிக்கத்தான் பழகுகிறார்கள்.

தமிழில் விளக்கக் கூடாது என்ற வரியை நீக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்பவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறோம். தமிழில் ஒரு இலக்கணக் கையேடு நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக வகுப்பில் பயன்பட்டது. அச்சடிக்கும் செலவை மட்டும் நிறுவனம் ஏற்கட்டும். என் பெயர்கூடப் போட வேண்டாம்.

ஜப்பானுக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடப் பேச்சுச் சோதனை வைக்க வேண்டும். கோளாறான ஒரு பீஸைப் பற்றி அறிக்கை கொடுப்பது, ஒரு போன், வேகமாகச் சொன்ன ஒரு உத்தரவைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது. மூன்றும் போதும். மதிப்பீட்டை அந்த மூத்த பொறியாளரும் லைனில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரும் செய்யட்டும்.

விசாவுக்குச் சட்டம் சான்றிதழ் கேட்கிறது. அங்கே நான் மறுபேச்சு பேசவில்லை. ஆனால் இங்கே, நம் சொந்த ஆலையில், மொழி உதவியாளர் பதவிக்குச் சான்றிதழ் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாம் வைத்த விதி. அதை மாற்றி, வந்தவாசிப் பையனின் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களின் ஊக்கத்தொகையில் பாதியைத் தேர்ச்சிக்கு வையுங்கள். மீதிப் பாதியை, போனவர்களின் ஹன்ச்சோவிடம் ஆறாவது மாதம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்: இவனிடம் வாயால் சொல்கிறீர்களா, எழுதிக் கொடுக்கிறீர்களா?

புதிய பேட்ச் தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டம் போட வேண்டும். ஜப்பான் போய்த் திரும்பியவர்கள் இந்த ஆலையிலேயே பதினோரு பேர் இருக்கிறோம். சுற்றறிக்கை போடுவதற்கு முன்னால் ஒருவரிடமும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நாங்கள் ஷிஃப்ட் முடிந்த பிறகு எந்த நாளும் வரத் தயார், ஓவர்டைம் கேட்கமாட்டோம்.

வரும் புதன்கிழமை மூன்றரைக்கு முதல் ஷிஃப்ட் முடியும். நான்கு மணிக்கு வழக்கம்போல அந்தப் பின்மேசையில் இருப்போம். உங்களில் ஒருவராவது வந்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. வர முடியாவிட்டால், மேசையை அன்றைக்கு ஸ்டோருக்கு நகர்த்தச் சொல்லி ஹவுஸ்கீப்பிங்குக்குப் போயிருக்கும் உத்தரவை மட்டுமாவது, கூட்டம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஊழியன், மாலை நேர ஜப்பானிய வகுப்பின் பகுதிநேர ஆசிரியன்